மீன் இல்லாத டிரம்மில் எட்டு ஸ்பாஞ்ச்

அன்புள்ள மதினிக்கு,

நீங்க போய் நாலு மாசம் ஆச்சு. எனக்கு இன்னும் அழுகை வரலை. "அண்ணன் பொண்டாட்டி செத்துக் கிடக்கா, நாத்தனா கண்ணுல ஒரு சொட்டு இல்லையே"ன்னு கேதத்துக்கு வந்த யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. கோபம்கூட வரலை. அவுகளுக்கும் சேர்த்து டீ போட்டுக் கொடுத்துட்டு, டம்ளரைக் கழுவி வச்சேன்.

மூணு நாள் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனீக. ஆட்டோவுல ஏறுறப்ப, "ஏஞ்சல் மீனுக்குச் சாயங்காலம் தீனி போட்டுரு கலா"ன்னீக. நீங்க என்கிட்ட கடைசியாப் பேசினது அதுதான்.

காரியம் முடிஞ்ச மறுநாளே அண்ணன் நீங்க வளர்த்த எட்டுத் தொட்டி மீனையும் மானகிரியில மீன் வளர்க்கிற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாக. "அந்த மீன் ரூமுக்குள்ள என்னால கால் வைக்க முடியலை"ன்னாக. தொட்டிகளைக் கவுத்தி வச்சோம். மிச்சம் இருந்தது தண்ணியைச் சுத்தம் பண்ண, தொட்டிக்கு ஒண்ணா நீங்க வச்சிருந்த எட்டு ஸ்பாஞ்ச் பில்டர்தான். பழுப்பேறி, கொழகொழன்னு இருந்துச்சு. அரியக்குடி சித்தி முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "குப்பையில போடு, இல்லாட்டி சோப்புப் போட்டு அலசிக் காய வை"ன்னாக.

சோப்புன்னதும் எனக்குப் பழசு ஞாபகம் வந்துருச்சு. நீங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, ஒத்தாசை பண்றதா நெனச்சு அத்தனை ஸ்பாஞ்சையும் சோப்புப் பவுடர் போட்டுத் துவைச்சு, மாடியில காயப்போட்டு மாட்டினேனே. கடைக்குக் கொடுக்க நீங்க வளர்த்து வச்சிருந்த குஞ்செல்லாம் ஒரே வாரத்துல செத்து மிதந்துச்சு. "நீ கழுவினது அழுக்கை இல்லடி. மீன் கழிவைத் தின்னு தண்ணிய நல்லா வச்சிருந்த உசிரை"ன்னீக. அப்புறம் ஒன்பது நாள் என்கூடப் பேசலை. பத்தாம் நாள், ஒண்ணும் நடக்காத மாதிரி, சாப்பிட வான்னு கூப்பிட்டீக. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனா மதினி? எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரலை.

பழைய தொட்டித் தண்ணியை ஒரு டிரம்மில ஊத்தி, எட்டையும் உள்ள போட்டு, ஏர் மோட்டாரை மாட்டிவிட்டேன். காய்ஞ்சாலும் அந்த உசிரு போயிரும், காத்து நின்னாலும் நாத்தமெடுத்துப் போயிரும்னு தெரியும். தின்ன ஒண்ணும் இல்லாட்டியும் நாளடைவுல செத்துரும். அதனால ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன். கரண்ட் போனா பேட்டரி மோட்டார். எதுக்குச் செய்யுறேன்னு எனக்கே தெரியலை. காலையில பல் தேய்க்கிற மாதிரி செஞ்சேன்.

ஒருநாள் அண்ணன் கேட்டாக: "மீனே இல்லாத தண்ணிக்கு எதுக்கு மோட்டாரு?"

"இருக்கட்டும்ண்ணே."

"அவளே இல்லை."

நான் டிரம்முல ஒரு சிட்டிகை தீனி போட்டேன். அவுக மோட்டாரை நிப்பாட்டலை.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மானகிரிக்காரர் போன் பண்ணினார். மகன்கிட்ட சிங்கப்பூருக்குப் போறாராம், தொட்டியெல்லாம் கலைக்கிறாராம். உங்க பெரிய ஏஞ்சல் ஜோடியை மட்டும் வேற ஆளுக்குக் கொடுக்க மனசு வரலையாம். வேண்டாம்னு நேர்ல சொல்லிட்டு வரத்தான் அண்ணன் போனாக. மத்தியானம் கையில மீன் கவரோட வாசல்ல நின்னாக.

"எப்படியோ வாங்கிட்டு வந்துட்டேன். புதுத் தண்ணி பதமாக ஒரு மாசம் ஆகுமாமே? அதுவரைக்கும் இதுக தாங்காதாமே? தப்புப் பண்ணிட்டேனா கலா?"

"இன்னைக்கே விடலாம்ண்ணே."

ஒரு தொட்டியை நிமித்தினோம். தண்ணி நிரப்பி, குளோரினை முறிக்க மருந்து ஊத்தினேன். டிரம்முக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு மூணு ஸ்பாஞ்சை எடுத்து உள்ள வச்சேன். அழுகின வாடை இல்லை, ஈர மண் வாசம்தான்; அந்த உசிரு இன்னும் இருந்துச்சு. கவரைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு மீனைத் திறந்துவிட்டோம். மீன் கழிவால தண்ணியில அம்மோனியா விஷம் ஏறுதான்னு தினமும் சோதிச்சேன். ஏழு நாளும் ஒண்ணும் ஏறலை. ரெண்டும் தீனி எடுக்குதுக மதினி. நல்லா இருக்குதுக.

ஏழாம் நாள் அண்ணன் டிரம்மில மிச்சம் கிடந்த அஞ்சையும் எட்டிப் பார்த்தாக. "இதுக்குத்தான் இத்தனை நாள் மோட்டாரை ஓட்டினியா?"

"தெரியலைண்ணே."

டிரம் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு அண்ணன் அழுதாக. சத்தம்போட்டு, சின்னப்பிள்ளை மாதிரி. நான் பக்கத்துல நின்னேன். முதுகுல கை வைக்கணும்னு தோணுச்சு, வச்சேன். எனக்கு வரலை.

நேத்து மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோட அண்ணன் அந்த ரூமுக்குள்ள போயி, தொட்டிக்கு முன்னால தரையில உக்காந்தாக. நாலு மாசமா ரெண்டு வாய்க்கு மேல எறங்காம எந்திரிச்சுப் போறவுக, நேத்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக. நானும் என் தட்டை எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்தேன்.

அழுகை எப்ப வரும்னு தெரியலை. வர்றப்ப வரட்டும். உங்க புருசனைத் தனியா உக்காந்து சாப்பிட விடமாட்டேன் மதினி. அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

உங்க வீட்டுலயே இருக்கிற நாத்தனா,
கலா