கன்றுக்கு வந்த டாக்டர்

அன்பு மகள் நெரெய்தாவுக்கு அம்மா எழுதுவது. குவாதலூப்பே மாதாவின் புண்ணியத்தில் நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, கடைசிவரை படி. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அழுவாய், நானும் இளகிவிடுவேன். அதனால்தான் இங்கே இருக்கும் நம் ஊர் எர்மிந்தாவின் மருமகன் கையில் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். அவன் எங்களைப் போல் இல்லை, இங்கே குடியிருக்க அனுமதிச் சீட்டு உண்டு, நினைத்தால் எல்லை தாண்டிப் போய்வரலாம், கொடுத்து வைத்தவன்.

போன ஞாயிறு சொன்னாயே, "உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு, போய் முதலாளிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வேலையில சேரு" என்று. உனக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள், மீதியையும் கேள். நம் ஊர்க் கோயிலுக்குப் பின்வீட்டு ஃபிதென்சியோ, கல்யாணத்துக்கெல்லாம் வயலின் வாசிப்பானே, அவன் இந்த விஸ்கான்சின் மாட்டுப் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தான், நான் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் வந்தால் இங்கே ஒவ்வொரு கன்றுக்கும் பஞ்சு வைத்த கோட்டு உண்டு, நான்தான் மாட்டிவிடுவேன், பாலைக் கதகதப்பாக்கிப் புட்டியில் கொடுப்பேன். எங்கள் ட்ரெய்லர் வீட்டில் ஹீட்டர் கெட்டுப் பாதிக் குளிர்காலம் போயும் சரிசெய்ய ஆள் வரவில்லை, அடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். அது இருக்கட்டும். அன்று காலையில் ஒரு பசு மிரண்டு திரும்பிய வேகத்தில் ஃபிதென்சியோவை இரும்புக் கம்பியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது வைக்கோல்மேல் சாய்ந்து கிடந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. "ஒண்ணுமில்லக்கா, மூச்சுதான் பாதி வருது" என்று சிரிக்கப் பார்த்தான்.

முதலாளி கர்ட் வந்து பார்த்தான். நம் பாஷை அவனுக்குக் கொஞ்சம் வரும். "வெலா எலும்பு அடிபட்டிருக்கும், மாத்திரை போட்டுப் படுத்தா சரியாயிடும்" என்றான். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றேன். "கூப்பிடலாம், கூடவே போலீசும் வரும், அப்புறம் ஒங்க பாடு. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான். உடனே ஃபிதென்சியோவும், "வேணாங்கா, என்னால ஒங்களுக்கெல்லாம் ஆபத்து வேணாம்" என்றான். அதுதான் மகளே என் வயிற்றை எரித்தது, நசுங்கிக் கிடப்பவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார்கள். இப்படித்தான் இங்கே எங்கள் பிழைப்பு. பல் வலித்தால் கிராம்பு, காய்ச்சல் என்றால் யாரோ தின்று மிச்சம் வைத்த மாத்திரை, கடைக்குப் போவதற்கும் வண்டி ஓட்ட லைசென்ஸ் உள்ளவன் யாராவது மனம் வைக்க வேண்டும், கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நானும் அப்படி நின்றவள்தான். ஆளுக்கொரு கைபிடித்து அவனை ட்ரெய்லரில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

அதே மத்தியானம் ஒரு கன்றுக்குக் கழிச்சல். கர்ட் போன் போட்டான், நாங்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் மாட்டு டாக்டர் அம்மா வந்து இறங்கிவிட்டார். நாக்கைப் பார்த்தார், இமையைப் பிரித்துப் பார்த்தார், ஊசி போட்டுத் தடவிக் கொடுத்தார், நான் கன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பையை மூடியதும் கையைப் பிடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அவர்கள் பாஷை நாலு சொல், "ஆளு, அங்க, சாகறான், வாங்க" என்றேன். கர்ட் குறுக்கே வந்தான், "அது எங்க ஆளு விஷயம், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது புரிந்தது. நான் போய் டாக்டர் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன், கிளப்பினால் என்மேல்தான் ஏற்ற வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் ட்ரெய்லருக்கு வந்தார். ஃபிதென்சியோ வயிற்றில் கை வைத்தார், பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அங்கேயே நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பெட்டியில்தான் ஊருக்குப் போயிருப்பான் என்று நம் பாஷை தெரிந்த நர்ஸ் சொன்னாள். அன்றைக்குப் போலீஸ் வரவில்லை நெரெய்தா, யாருமே வரவில்லை. வேறு இடங்களில் வருகிறார்கள், பிடித்துக்கொண்டு போகிறார்கள், அது பொய்யில்லை. அந்தப் பயத்தைத்தான் கர்ட் எங்களை ஓட்டுகிற கம்பாகக் கையில் வைத்திருந்தான்.

மறுநாள் காலை கர்ட் வாசலில் வந்து நின்று, "கன்னுகளப் பாக்க வேற ஆளு வந்தாச்சு, நீ ட்ரெய்லரைக் காலி பண்ணு. எங்கயாவது வாயத் தொறந்த, போலீசுக்கு நான் ஒரு போன் போட்டாப் போதும்" என்றான். "போடு. எங்கள எல்லாம் புடிச்சிட்டுப் போகட்டும், ஒம் பசுவ நீயே கற" என்றேன். நம் பாஷை கொஞ்சம்தான் வரும் என்றேனே, அது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. திரும்பிப் போய்விட்டான். இன்றுவரை போன் போடவில்லை, நாளைக்குப் போடலாம், அதையும் உனக்கு மறைக்க மாட்டேன்.

இப்போது எர்மிந்தா வீட்டில் ஒரு கட்டில், ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. அவனிடமா மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய்? உன்னைப் பெற்று வளர்த்தவள் ஒரு மனுஷன் சாவதைப் பார்த்துக்கொண்டு கன்றுக்குப் பால் புகட்டியிருக்க வேண்டும் என்கிறாயா? இனி அந்தப் பேச்சை எடுக்காதே. சின்னவளுக்கு இருமல் என்றாயே, நாளைக்கே டாக்டரிடம் காட்டு, அங்கே உன்னை நீ யார் என்று கேட்டு மிரட்ட ஆளில்லை. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசி.

மறக்காமல் ஒரு காரியம் செய். ஃபிதென்சியோ தன் பெண்டாட்டி கசில்தாவிடம் சளிக் காய்ச்சல், அதனால்தான் குரல் இப்படி இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறான். நீ அவள் வீட்டுக்குப் போ. அவன் பிழைத்துவிட்டான் என்பதை முதலில் சொல், அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் சொல். முதலாளி பேரையும் சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா
ஒர்த்தென்சியா