சம்பளம் வாங்கிய மேகம்

சூரியநெல்லி,
12-8-1974

என் அக்காள் பெற்ற மகாராணிக்கு,

உலகத்தில் ஒருத்தரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று, சூரியநெல்லித் தேயிலை அத்தனையின் மேலும் சத்தியம் செய்கிறேன்.

உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் பட்டு எங்கே என்று கேட்டிருந்தாய். எல்லாம் ஒரு மேகம் செய்த வேலை. சம்பள நாளன்று அது எஸ்டேட் ஆபீசுக்குள் யானை மாதிரி நுழைந்து, எனக்கு முன்னால் வரிசையில் நின்றது. கிளார்க் யாக்கோபு என் சம்பளத்தில் பாதியை எடுத்து அதனிடம் கொடுத்துவிட்டான்.

"ஏலே, அது யாருக்குலே?"

"ஆசுபத்திரிக்கு, அண்ணாச்சி. கோர்ட்டு ஜப்தி. அக்காவோட பில்லுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது நீங்கதானே? இன்னும் ஏழு மாசத்துக்குப் பாதிதான்."

விடுவேனா? மேகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் எஸ்டேட் வரை பறந்தேன். கீழே தேயிலைக் காடு பச்சைக் கடலாக ஆடியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் அதில் மீன்களாக நீந்தினார்கள். "என் பாதியைத் தா" என்றேன். அது என் முகத்தை மெல்லத் துடைத்துவிட்டு மழையாகிப் போய்விட்டது.

இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அவளுடைய ஆபரேஷனைத் தர்மத்துக்குச் செய்தார்கள் என்று நான் விட்ட கதையை நம்பி, ஞாயிறுதோறும் அந்த ஆசுபத்திரிக்காக ஜெபம் பண்ணுகிறாள். பண்ணட்டும்.

நான் கொண்டுவருவது நூல்சேலைதான். அதை நெய்தது நிலா என்று இங்கே லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

மேகம் பொய். பறந்தது பொய். நிலாவும் பொய். யாக்கோபு சொன்னது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்