மதினி எழுதிவைத்த கோளாறுகள்

மதினி,

இன்று காலை என் கம்ப்யூட்டரில் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, திரையில் மட்டும் படம் வரவில்லை. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தேன். ராம் என்ற நினைவகப் பட்டையை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பிள்ளைகள் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. அது உங்கள் விரல்களில் இருந்த வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அண்ணன்மேல், உங்கள்மேல், எல்லாரையும்விட என்மேல்.

உங்கள் நாகல் நகர் வீட்டில் அன்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மெதுவாக ஓடுகிறது என்று அண்ணன் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுத்திருந்தான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. முன்னைவிட மெதுவாக ஓடியது. நீங்கள் எதையோ அழுத்தி, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"ஏங்க, எட்டு ஜிபி ராம் இருந்துச்சு. இப்ப நாலுதான் காட்டுது. ஒண்ணக் கழட்டிக்கிட்டாங்க."

அண்ணன் செய்தித்தாளை இறக்கவே இல்லை. "அவன் அதுக்குன்னே படிச்சவன். நீ என்னத்தக் கண்ட? போயி அடுப்புல வெஞ்சனத்தப் பாரு."

நீங்கள் கணிதத்தில் பட்டம் வாங்கியவர். குஜிலியம்பாறையிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வந்து படித்தவர். எழுந்து அடுப்படிக்குப் போனீர்கள். நான் அதே கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காயைத்தான் நறுக்கினேன்.

மறுவாரமே ஸ்குரூ டிரைவர் வாங்கி வந்துவிட்டீர்கள். பெட்டியைத் திறந்து காலியாகக் கிடந்த இடத்தை என்னிடம் காட்டினீர்கள். அதன்பிறகு யூடியூபைப் பார்த்தும், தப்புப் பண்ணியும், தப்பைத் திருத்தியும் நீங்களாகவே கற்றுக்கொண்டீர்கள். "மொதல்ல ஒயரப் பாரு. பெறகு தூசியப் பாரு. அம்புட்டும் சரியா இருந்தாத்தான் மத்ததச் சந்தேகப்படணும்" என்பீர்கள். மதர்போர்டு போய்விட்டது என்று கடையில் சொல்லி அனுப்பிய எத்தனையோ பெட்டிகளில் உண்மையில் போயிருந்தது ஒரு வயரின் முனைதான்.

சொந்தக்காரர்கள் போன் பண்ண ஆரம்பித்தார்கள். பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லை, வைஃபை இருந்தும் நெட் வரவில்லை, நீலத் திரை வந்து தானாக அணைகிறது. ஆம்பளைகள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்களும் பையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். "ஊரு பூரா ரிப்பேர் பாத்துட்டு வாரா" என்று அண்ணன் விருந்தாளிகள் முன்னால் கேலி பேசுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் அதற்குத்தான். ஏன் சிரித்தீர்கள்?

போன மார்கழியில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி எட்டே நாளில் உங்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நீங்கள் போன இருபதாவது நாள் நடந்ததைத்தான் எழுத வேண்டும். அது உங்களுக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் அண்ணனுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். உங்கள் கம்ப்யூட்டர் முன்னால் கடையிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். மில் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்க்க அண்ணனுக்குப் பெட்டி வேண்டுமாம். பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டுமாம்.

"சார், உள்ள இருக்கறது எதுவும் வேணுமா? ஃபார்மட் பண்ணா திரும்ப வராது."

"ஒண்ணும் வேணாம். அவ என்னத்தையாவது போட்டு வச்சிருப்பா. எல்லாத்தையும் அழிச்சிரு."

சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்றேன். திரையில் ஹார்டு டிஸ்கின் பகுதிகள் வரிசையாகத் தெரிந்தன. அம்புக்குறி டெலீட் என்ற எழுத்துக்கு நகர்ந்தது. சட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். கீழே யுபிஎஸ் இருந்ததால் சுவரில் பிடுங்கிப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியின் பின்னால் கையை விட்டு வயரையே பிடுங்கினேன். திரை செத்தது.

"என்னத்தா பண்ற? கிறுக்குப் பிடிச்சிருக்கா?" அண்ணன் கத்தினான்.

"எனக்கில்லண்ணே. ஒனக்குத்தான். அவுக போயி ஒரு மாசங்கூட ஆகல. உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா? ஒரு தடவையாச்சும் தொறந்து பாத்தியா?"

"அது என் வீட்டுப் பொருளு."

"பெட்டி ஒன்னுது. வச்சுக்க. உள்ள இருக்கறது மதினியோடது."

கடைக்காரர் எழுந்து ஒதுங்கி நின்றார். உங்கள் மேசை இழுப்பறையிலேயே உங்கள் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அவசரமாகக் கழற்றினேன். நாலு திருகாணியும் தரையில் உருண்டோடின. ஹார்டு டிஸ்கை உருவி முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பேகம்பூர் வரை நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். அண்ணன் பத்து மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு யுஎஸ்பி வயர் வைத்த ஒரு உறை வாங்கி, டிஸ்கை அதில் போட்டு என் கம்ப்யூட்டரில் சொருகினேன். பிள்ளைகளின் போட்டோ, கொடைக்கானல் போனபோது எடுத்த போட்டோ, மின்சார ரசீதுகள். நடுவில் 'கோளாறு' என்று ஒரு ஃபைல். எந்த வீட்டில் எந்தப் பெட்டிக்கு என்ன ஆனது, எப்படிச் சரியானது என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். சமையல் குறிப்பு மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் இன்னொரு வரி இருந்தது.

"சித்தப்பா வீடு. விசிறியில் தூசி அடைத்துச் சூடாகி அணைந்தது. துடைத்ததும் சரி. 'கடைக்காரனையும் ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிருவோம்' என்றார்."

"பேங்க்காரர் வீடு. கீபோர்டு வயர் நசுங்கியிருந்தது. 'உங்க சார் வரலையா?' என்று மூன்று தடவை கேட்டார்."

"பேகம்பூர் டெய்லர் அக்கா வீடு. மகள் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. பிளக்கில்தான் கோளாறு. அக்கா தெருவில் எல்லாரிடமும் என் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தது. இன்று முழுக்க சந்தோஷம்."

"எங்கள் வீடு. ராம் பற்றிச் சொன்னேன். வெஞ்சனத்தைப் பார்க்கச் சொன்னார்."

சிரித்த முகத்தோடு இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கே வைத்திருந்தீர்கள் மதினி? படிக்கப் படிக்க எனக்குக் காது சுட்டது. அடுத்த பக்கத்தில் நான் வந்தேன்.

"நாத்தனார் வீடு. அப்டேட் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தது. சேஃப் மோடில் போய் அதை எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வந்து, எப்படிச் சரியானது என்று கேட்டார். 'தன்னாலே சரியாயிருச்சு' என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்."

ஆமாம், சொன்னேன். அவர் இல்லாத நேரம் பெட்டியைத் தொட விட்டதற்குத் திட்டுவாரோ என்று பயம். வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்பினீர்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. அண்ணனைக் கிறுக்கன் என்று திட்டிய வாய்தான் இந்த வாய்.

போன வாரம் அண்ணன் வந்தான். வருஷத் திதிக்குச் சட்டம் போட உங்கள் போட்டோ வேண்டும். அவனிடம் நல்லதாக ஒன்றுகூட இல்லை.

"தாரேன். மொதல்ல இத வாசி" என்று ஃபைலைத் திறந்துவிட்டு அவனை உட்கார வைத்தேன்.

மெதுவாகத்தான் வாசித்தான். 'எங்கள் வீடு' வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி அதையே வாசித்தான். "இம்புட்டையும் மனசுல வச்சிருந்தாளா?" என்றான்.

"மனசுலயா? ஒன் கண்ணு முன்னாடி எழுதி வச்சிருந்தாக. நீ அழிக்கச் சொன்ன."

அடுத்த பக்கத்துக்குப் போனான். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயுமாத்தா?"

"ஆமாண்ணே. நானுந்தான்."

அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் இருந்தார். கூப்பிட்டேன். அண்ணனை வைத்துக்கொண்டே சொன்னேன்: "அன்னைக்குக் கம்ப்யூட்டர் தன்னாலே சரியாகலங்க. மதினிதான் மூணு மணி நேரம் ஒக்காந்து சரிபண்ணாக. நான் பொய் சொன்னேன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதச் சொல்றதுக்கா கூப்பிட்ட? அப்பவே சொல்லியிருந்தா ஒரு நன்றி சொல்லிருப்பேன்ல" என்றார்.

அவ்வளவுதான் மதினி. திட்டவில்லை, ஒன்றுமில்லை. சொல்லி முடிக்க ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை. நீங்கள் காப்பி டம்ளரோடு நின்ற அன்றைக்கே அந்த ஒரு நிமிஷம் என் கையில் இருந்தது. அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.