அருளப்பன் வைத்த அளவு

செண்பகனூர் மண்ணில் படுத்திருக்கும் என் மாப்ள அருளப்பா,

நீ போய் பதினாலு மாசம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். நாளைக் காலையில் எனக்கு ஒரு சோலி இருக்கிறது. அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மறைத்தவரைக்கும் போதும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் வீட்டுக்காரி ஜெசிந்தாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள். உன் மகள் ரோஸி திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து, பெருமாள்மலையில் பூட்டிக் கிடந்த உன் எலக்ட்ரிக்கல் கடையைத் திறந்துவிட்டாள். பலகையில் உன் பெயரையே வைத்திருக்கிறாள். பிடிவாதம் உன்னுடையது, வாய் அவள் அம்மாவுடையது.

திறந்து இரண்டு மாசமாகிறது. ஹாரன் அடிக்கவில்லை, பல்பு எரியவில்லை என்று கார்க்காரர்கள் வருகிறார்கள். லாரிக்காரன் ஒருத்தனும் எட்டிப் பார்ப்பதில்லை. "அவங்கப்பாதான் தங்கவேலு வண்டியில பேட்டரிய வேக வச்சவரு" என்று டீக்கடையில் ஒருத்தன் என் பெயரை இழுத்துச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு யோக்கியன் நான்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இதுவரை யாரிடமும் நான் முதலிலிருந்து சொன்னதில்லை.

என் லாரியில் தண்ணீர் ஊற்றும் பேட்டரி இரண்டு இருந்தது. அதற்கு நீ சார்ஜை இருபத்தெட்டே முக்கால் வோல்ட்டில் வைத்திருந்தாய். மலைக் குளிருக்கு அது வேண்டும், தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்பாய். மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சோம்பல்பட்டு, மூடியே இல்லாத சீல் பேட்டரி வாங்கி வந்து உன் கடை முன்னால் இறக்கினேன். நீ அதை அப்படியே மாட்டிவிடவில்லை. "இதுக்கு அந்த அளவு ஆகாது மாப்ள, கொறைக்கணும்" என்றாய்.

குறைத்த விதம்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடையில் வைத்து மீட்டரைப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம். நீயோ என்னோடு வண்டியில் ஏறி, பழனி ரோட்டில் அடிவாரம் வரைக்கும் இறங்கி வந்தாய். மத்தியான வெயிலில், இன்ஜின் நன்றாகச் சுட்ட பிறகு, சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திருகைத் துளித்துளியாகத் திருப்பி இருபத்தெட்டில் நிறுத்தினாய். அசையாமல் இருக்க அதன் தலையில் ஒரு பொட்டு சிவப்புப் பெயிண்ட் வைத்தாய்.

"மேல நிக்கிறப்பக் குளுருது, சரி. ஆனா உன் வண்டி பகலெல்லாம் கீழ வெயில்லதான கெடக்கு? இந்தப் பேட்டரி கொதிச்சா தண்ணி ஊத்த வழி கெடையாது. இதத் தொட்றாத" என்றாய். நான் தலையை ஆட்டினேன். நான் எதற்குத்தான் தலையை ஆட்டவில்லை?

மார்கழியில் ஒரு நாள் வெள்ளனே வில்பட்டியில் காரட் மூட்டை ஏற்றிவிட்டு சாவியைத் திருகினால் செல்ஃப் முனகிவிட்டு நின்றுவிட்டது. தோட்டக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சந்தைக்கு நேரமாகிறது. "புதுப் பேட்டரின்னு பீத்துனியே" என்று ஒருத்தர் சிரித்தார். சரிவில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம். எனக்கு மானமே போய்விட்டது.

உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சார்ஜ் பத்தவில்லை, இவன் ரொம்பக் குறைத்துவிட்டான் என்று நானே முடிவு கட்டினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றி, திருப்புளியால் திருகை ஏற்றினேன். மீட்டர் ஏது என்னிடம்? ஹெட்லைட் வெளிச்சம் பளிச்சென்று ஆனதும், சரி, போதும் என்று நிறுத்தினேன். மலையுச்சிக் குளிரில் நின்றுகொண்டு வெளிச்சத்தைப் பார்த்து வோல்ட் வைத்த மேதை உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பனிக்காலம் முழுக்க வண்டி நன்றாகவே எடுத்தது. எனக்குப் பெருமை வேறு. சித்திரை வெயிலில் ஒட்டன்சத்திரம் சந்தையில் நிற்கும்போது அழுகின முட்டை வாடை வந்தது. பெட்டியைத் திறந்தால் பேட்டரி இரண்டும் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தன.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும், செய்தது என்ன? வண்டியை எப்படியோ மேலே கொண்டுவந்து, பெருமாள்மலையில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். பத்துப் பதினைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். நீ வாயைத் திறப்பதற்குள் கத்தினேன்.

"ஏலே, தெரியாத சோலிய எதுக்குலே தொட்ட? இந்தப் பேட்டரியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? என் பொழப்பக் கெடுத்துட்டியே."

சத்தியமாகச் சொல்கிறேன், கத்துகிறபோது நான் திருகினது எனக்கு நினைவில் இருந்தது. மறந்துபோய்க் கத்தியிருந்தால்கூட இன்றைக்கு இவ்வளவு கூச மாட்டேன். நினைவில் இருந்ததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

நீ ரெகுலேட்டர் மூடியைக் கழற்றினாய். சிவப்புப் பெயிண்ட் வெடித்து, திருகில் திருப்புளி கீறின தடம் இருந்தது. அதைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு மூடியை மாட்டிவிட்டு, "சரி விடு, நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

மறுநாள் வேறு பேட்டரி போட்டு, அளவைப் பழையபடி இருபத்தெட்டில் வைத்தாய். வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸில் எர்த் வயர் பிடிக்கிற போல்ட்டைக் கழற்றி, பச்சையாகப் பூத்திருந்த களிம்பைச் சுரண்டி முடுக்கினாய். மார்கழியில் செல்ஃப் முனகியதற்கு அதுதான் காரணம். அளவில் ஒன்றுமே தப்பில்லை. அதையும் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குளிரிலும் வண்டி ஒரே திருகில் எடுத்தது.

ஏன் மாப்ள ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டாய்? அந்தப் பதினைந்து பேர் முன்னால் "நீதான திருகுன?" என்று கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன் என்றா? இல்லை, நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? இரண்டாவதுதான் என்று நினைக்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வருஷம் லாரிகள் ஒவ்வொன்றாக சீல் பேட்டரிக்கு மாறின. எல்லோரும் அளவு மாற்றப் பழனிக்கு இறங்கிப் போனார்கள். உன் கடை வாசலைத் தாண்டித்தான் போனார்கள். நீ காட்டேஜ்களில் இன்வெர்ட்டர் வேலைக்குப் போக ஆரம்பித்தாய். கிறிஸ்துமஸுக்கு எப்போதும் போல உன் வீட்டிலிருந்து கேக் வந்தது. அதை எப்படித் தின்றேன் என்று கேட்காதே.

பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் பெட்டியைத் தூக்கினவர்களில் நானும் ஒருத்தன். கல்லறையில் எனக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர், "தங்கமான மனுசன். புதுப் பேட்டரி சோலிதான் அவருக்குப் பிடிபடல" என்றார். உன்மேல் மண் விழுந்துகொண்டிருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அருளப்பா, அதற்கு நான் என்ன மன்னிப்புக் கேட்பேன்?

இன்றைக்கு மத்தியானம் ரோஸியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பேட்டரிக்கு ஆயுசு முடிந்தது. மறுபடியும் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கே போகிறேன், சார்ஜை ஏற்ற வேண்டும். உள்ளபடி, அந்த வாசலில் ஒரு லாரியாவது நிற்கட்டும் என்றுதான் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வேறு எதையாவது செய்து சரிக்கட்டப் பார்க்கிற புத்தி போகவில்லை.

அவள் மீட்டரை எடுத்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பா உங்க வண்டியில என்ன தப்புப் பண்ணுனாங்க? எல்லாரும் தப்பு தப்புங்கிறாங்க, என்ன தப்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. தெரிஞ்சாத்தான நான் அதப் பண்ணாம இருப்பேன்?" என்றாள்.

கேலியில்லை, கோபமில்லை. வேலை படிக்கிற பிள்ளை சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். உன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"அப்ப அப்பா வச்சது சரியா?" என்று மட்டும் கேட்டாள். சரி என்றேன். "துளிகூடத் தப்பில்லையா?" இல்லை என்றேன். அதன் பிறகுதான் அவள் கண் கலங்கியது.

"மன்னிச்சிரு தாயி" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு மாமா? நீங்க எங்கிட்டயா கத்துனீங்க?"

"எழுதிக் குடுத்துர்றேன். கடைக் கதவுல ஒட்டிரு."

"எழுதியா கத்துனீங்க?" என்றாள்.

அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள். அளவை ஏற்றிவிட்டு, "இது இங்கன வச்சது. நாளைக்கு உங்ககூட அடிவாரம் வரைக்கும் வாரேன், சூட்டுல ஒருக்கா பாக்கணும்" என்றாள். அவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே நாளைக்கு வெள்ளனே, லாரிகள் டீக்கு நிற்கிற நேரத்தில், அதே டீக்கடை முன்னால் நிற்பேன். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ அதே சத்தத்தில், அருளப்பன் வைத்த அளவு சரி, பேட்டரியைக் கெடுத்தது நான், அது தெரிந்தேதான் அவனைத் திட்டினேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன். கேட்காதவன் இருந்தால் அவன் வரும் வரைக்கும் மறுநாளும் நின்று சொல்வேன். உன் பெயரில் நான் பூசியதை நான்தான் கழுவ வேண்டும். நீ கேட்க மாட்டாய் என்பதுதான் தாங்கவில்லை.

இப்படிக்கு,
உன்னைக் கெடுத்தும் உன்னால் காட்டிக்கொடுக்கப்படாத
உன் மாப்ள,
வில்பட்டி தங்கவேலு