வெல்டருக்கு நெஞ்சு வலி

என் அன்பானவருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். இந்த முறை அந்த ஆவலுக்கு வேலை இல்லாமல், எல்லாம் தெரிந்தே போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் சரி சரி என்று சொல்லிவிட்டு, அங்கே வெயில் எப்படி, இங்கே மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கொண்டுவரும் ஆளிடம், நீங்கள் கடைசி வரி வரை படித்து முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறேன். உங்களைப் போல இல்லை, நான் சொன்னால் கேட்கிற மனிதர் அவர்.

முதலில் அந்த மனிதரின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீங்கள் போனில் கேட்டது நினைவிருக்கும். உங்கள் அறையில் தங்கியிருக்கும் வெல்டருக்குப் பாவம், ஏணி ஏறினால் நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறதாம். இடது தோளிலும் தாடையிலும் வலி இழுக்கிறதாம். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறதாம். அவருக்கு மருதம்பட்டைப் பொடி கொடுத்தால் கேட்குமா என்று கேட்டீர்கள். பொடி கிடக்கட்டும், முதலில் அவரை இதய டாக்டரிடம் ஓடச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றீர்கள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. வெல்டர் வேலை பார்ப்பது தரையில். கிரேன் உச்சிக்கு ஏணி ஏறிப் போகிறவர் நீங்கள்தான். அவரும் எப்போதாவது ஏறுவாராக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

இப்போது அதே வெல்டர் விடுமுறையில் வருகிறார் என்று அவர் கையில் சோப்பும், மகளுக்குப் பையும், எனக்குக் கைக்கடிகாரமும் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். திரும்பும்போது பொடியை வாங்கி வரச் சொல்லியும் இருக்கிறீர்கள். யாரை நோயாளி என்று கதை கட்டினீர்களோ, அதே ஆளைப் பிடித்து வைத்தியர் வீட்டுக்கே அனுப்புகிற அறிவு உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் வரும்.

வந்தவரை விடுவேனா? உட்கார வைத்து நாடி பார்த்தேன். இருபது வயதுப் பையனின் நாடி. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வலது விலாவுக்குக் கீழே தடவிக் காட்டினார். எப்போது வலிக்கும் என்றால், சாப்பிட்ட பிறகு அண்ணி என்கிறார். சரி, மொட்டை மாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள் என்றேன். மனிதர் இரண்டு இரண்டு படியாகத் தாவிப் போய்விட்டு வந்து, மழை வருகிற மாதிரி இருக்கிறது, கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் போனில் சொன்ன ஏணி நினைவுக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள், வலி யாருக்கு என்று கேட்டேன். அந்த முரட்டு ஆள் தலையைக் குனிந்துகொண்டு, அண்ணன் என்னைக் கொன்றே போடுவார் என்றார். அவ்வளவுதான், எல்லாம் வந்துவிட்டது.

ஏணியில் பாதி வழியில் நீங்கள் உட்கார்ந்துவிட்டதும், கயிறு கட்டி உங்களை இறக்கியதும், ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததும், இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய் ஒன்றும் பக்கத்துக் குழாய் ஒன்றும் நன்றாக அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் மாற்றுப்பாதை வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் இப்போது எனக்குத் தெரியும். அவரிடம் நீங்கள், என் மனைவி வைத்தியர், அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்ததும் தெரியும். மேலே ஏற விடாமல் கருவி அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாமே, அந்த மேற்பார்வையாளர் நன்றாக இருக்கட்டும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நீங்கள் வெல்டரிடம் சொன்ன காரணம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. நெஞ்சை அறுத்துக்கொண்டு போய் நின்றால் அவளிடம் வருகிற ஜனங்கள் என்ன நினைப்பார்கள், புருஷனுக்கே அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் நமக்கு என்ன பார்க்கப் போகிறாள் என்று கேட்க மாட்டார்களா, இத்தனை வருஷம் பாடுபட்டு எடுத்த பெயர் என்னால் போக வேண்டுமா என்று கேட்டீர்களாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபம்தான். அப்புறம் கஷாயம் காய்ச்சுகிற அறைக்குள் போய் அழுதேன். புகையில் கண் எரிகிறது போல என்று உதவிக்கு இருக்கும் பெண் நினைத்துக்கொண்டாள். கஷாயம் அடிப்பிடித்துப் போனது. அன்றைக்கு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

உடனே உங்களைப் போனில் கூப்பிட்டேன். நீங்களோ சிரித்துக்கொண்டே, வெல்டர் ஒன்றைப் பத்தாகச் சொல்கிற ஆள், இது வெறும் வாயு என்றீர்கள். அதனால் வெல்டர் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம். இனி நாம் இருவரும் பேசுவோம்.

என் பாடம் எதையும் நீங்கள் காது கொடுத்துக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேளுங்கள். என்னிடம் நெஞ்சுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன்? பசித்தால் சாப்பிடு. சாப்பிட்டது செரிக்கும் முன்னால் அடுத்ததைக் கொட்டாதே. செரிக்காமல் தங்குவதை நாங்கள் ஆமம் என்போம், அதுதான் பிசுபிசுப்பாகப் போய் உடம்பின் வழிகளில் படிகிறது என்பது எங்கள் கணக்கு. பொரித்ததைக் குறை, சிகரெட்டை விடு, நட, நேரத்துக்குத் தூங்கு, மூச்சை நிதானமாக இழுத்து விடு, மனதில் எதையும் போட்டு அழுத்திக்கொள்ளாதே. சிலருக்கு மருதம்பட்டையைப் பாலும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி, தண்ணீர் வற்றியதும் வடிகட்டிக் கொடுப்பேன். இதெல்லாம் வீட்டைத் தினமும் பெருக்குகிற வேலை. சுவர் இடிந்து வாசலில் விழுந்து கிடக்கும்போது யாரும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அடைத்துப்போன குழாயை என் பொடி திறந்துவிடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

எது தன் கைக்கு அடங்கும், எது அடங்காது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மருந்தையே தொட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தெரியாமல் எல்லாவற்றுக்கும் பொட்டலம் மடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி என்னை அவர்களோடு சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஊரில் எல்லோருக்கும் நாடி பார்க்கிறேன், உங்களுக்கு மட்டும் பார்க்க வந்ததே இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் நீங்கள் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். நீங்களும் ஏதோ பெரிய பரிசோதனை நடக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருப்பீர்கள். உங்கள் கை என் கைக்குள் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடாது. நன்றாகத்தான் இருக்கிறது என்று சும்மா சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளை நம்பியா ஐயா உங்கள் உயிரை ஒப்படைக்கிறீர்கள்?

நான் வருகிற வரை அந்த டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஒன்று விடாமல் போடுங்கள். அது கூட்டாளி சொன்ன வேர், இது யாரோ சொன்ன பூண்டுச் சாறு என்று எதையும் இடையில் சேர்க்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையோடு சிலது சேர்ந்தால் வம்பாகிவிடும். நெஞ்சு பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெல்டரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அறுவை முடிந்து, இனி பத்தியம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த டாக்டரே சொன்ன பிறகு என் ராஜ்யம் ஆரம்பிக்கும். அப்போது எண்ணெயும் இல்லை, சிகரெட்டும் இல்லை, கெஞ்சினாலும் கிடைக்காது.

மகளிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு நேரே உங்கள் பழைய சட்டை தொங்குகிற அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் எழுந்து வந்து, அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்கிற வரை நான் போனில் பேச மாட்டேன் என்று சொல்லிவிடு என்றாள். உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. அவளுக்குத் துணையாக என் தங்கை வந்து தங்குகிறாள். சித்தி சமையலைச் சாப்பிட வேண்டுமே என்பது அவளுக்கு இன்னொரு கவலை.

ஆமாம், நான் வருகிறேன். அடுத்த வாரம் விமானம் ஏறுகிறேன். உங்கள் மேற்பார்வையாளரிடமும் அந்த டாக்டரிடமும் பேசிவிட்டேன். டாக்டர் தன்மையான மனிதர். நானும் வைத்தியர்தான் என்று தெரிந்ததும் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டார். உங்களை எப்போது சேர்க்கலாம் என்று நான் கேட்டதும் அவர் குரலே தணிந்துவிட்டது.

வெல்டர் கையில் இருக்கும் பொட்டலத்தில் பொடி இருக்கும் என்று ஆசைப்பட வேண்டாம். சட்டைகள் இருக்கின்றன. அறுவைக்குப் பிறகு சில வாரம் கையைத் தலைக்கு மேலே தூக்க விடமாட்டார்கள், உங்கள் பனியன்களை மாட்ட முடியாது. அதனால் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, மெல்லிய துணியில் தைக்கக் கொடுத்தேன். தைத்தது என்னிடம் மருந்து சாப்பிடுகிற தையல்காரர்தான். எதற்கு இப்படி என்று கேட்டார், சொன்னேன். உங்கள் கஷாயத்துக்கு ஆகாதா அம்மா என்றார். ஆகாது என்றேன். கத்தரியைக் கீழே வைத்தார். அப்புறம், எனக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உங்களிடம் சொல்லவில்லை, ஒரு தடவை இதய டாக்டரைப் போய்ப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டார். அன்றைக்கே அனுப்பி வைத்தேன். என்னிடம் மருந்து சாப்பிடுகிற பின் தெரு அம்மா ஒருவர் மட்டும் விஷயம் தெரிந்ததும், இனி வரமாட்டேன் என்றாராம். வேறு வைத்தியரிடம் போகிறாராம். நன்றாகப் போகட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

விஷயம் எப்படித் தெரிந்தது என்று இந்நேரம் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். நான்தான் தெரியப்படுத்தினேன். ஜனங்கள் என்ன நினைப்பார்களோ என்றுதானே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நேற்றுக் காலை என் மருந்தகக் கதவில் ஒரு அட்டை மாட்டினேன். பெரிய எழுத்தில் நானே எழுதியது: "என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. நாங்கள் இருவரும் வீடு திரும்பிய பிறகு மருந்தகம் திறக்கும்." மகள் படித்துவிட்டு, "நான் வந்த பிறகு" என்று மட்டும் எழுதினால் போதாதா அம்மா என்று கேட்டாள். போதாது என்று சொல்லிவிட்டேன்.

தெருவே அதைப் படித்துவிட்டது. இருவரும் என்று எழுதியிருக்கிறேன். என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் உங்கள் கையைப் பிடிக்க வருகிற,
உங்கள் மனைவி