நான்கு அங்குலம் உயர்ந்த ஜீப்

என்னங்க,

முழங்காலைக் காட்ட டாக்டரிடம் பஸ்ஸில் போகிறேன். எழுப்ப மனம் வரவில்லை. மூன்று வாரமாக ஜீப்புக்கு அடியில் கிடந்த உடம்பு, கொஞ்சம் தூங்கட்டும்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. கிரீஸ் கையோடு பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

நேற்று நான் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. புது ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்திய சந்தோஷத்தில், "ஏறு, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றீர்கள். இரண்டு தடவை முயன்றேன். அந்த உயரத்துக்கு என் கால் எழும்பவில்லை. "சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று தனியாகக் கிளம்பிவிட்டீர்கள். கேட்டைச் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். இருபது வருஷமாக அந்தப் பக்கத்து சீட்டு என்னுடையது. உயர்த்துவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் பதினொரு மணிக்கு வருவார். அதுவரை அடியில் நுழையாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். கூப்பிட்டால் ஓடிவர வீட்டில் ஆள் இல்லை.

பி.கு: ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லாதீர்கள். சொன்னால் அழுதுவிடுவேன்.

இன்னொன்று: ஆறு மணி பஸ்ஸில் திரும்புவேன். ஜீப் வேண்டாம், நீங்கள் மட்டும் ஸ்டாப்புக்கு வாருங்கள். வீடு நாலு எட்டுதான். தனியாக நடந்தால்தான் தூரம்.