அப்பா பார்க்காத படம்

என் நெஞ்சை விட்டு நீங்காத அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது தை. பயாஸ்கோப் கூடாரம் இந்த வருஷமும் பதுளைக்கு வந்திருக்கிறது. அதே ஆற்றோரத் திடல்தான். சாயங்காலமானால் எஞ்சின் சத்தம் நம் அறை வரைக்கும் கேட்கிறது. அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் அடுப்படியில் பாத்திரம் உருட்டுவாள். இப்போது எஞ்சின் ஓட்டுவது மாமா.

வெள்ளப் படம் வரவில்லை அப்பா. இனி வரவும் வராது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்து தெரியாது. நான் எதையாவது வாசிப்பேன், நீங்கள் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் கேட்பீர்கள். அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. இதை வேறு யாராவது வாசித்தாலும் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்று, உங்களுக்குத் தெரிந்ததையே சிலது திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். பயாஸ்கோப் முதலாளி முதல் தடவை பதுளைக்கு வந்தபோது அவருடைய எஞ்சின் நின்றுபோனது. ஆள் தேடித் தோட்டத்துக்கு வந்தார். நீங்கள் போய் ஓடவைத்துக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்களை விடவில்லை. லயத்து வரிசையில் நமக்கிருந்த ஒற்றைக் காம்பராவைக் காலி செய்து, அம்மாவையும் என்னையும் பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இந்த அறைக்குக் கூட்டி வந்தீர்கள். என்னைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டீர்கள்.

முதலாளியிடம் பெட்டி பெட்டியாகப் படங்கள் இருந்தன. ஆனால் பண்டாரவளையானாலும் லுணுகலையானாலும் ஜனங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதற்குப் பம்பாய்க்காரர்கள் வைத்த பெயர் வேறு. நம் ஆட்கள் வெள்ளப் படம் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

ஓர் ஓடக்காரனின் மனைவி. ஆற்றில் வெள்ளம் வந்து புருஷனைக் கொண்டுபோகிறது. வீடும் மூழ்கும்போது, கைப்பிள்ளையை ஓர் அண்டாவுக்குள் வைத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறாள். பிள்ளை எங்கோ கரையேறிப் பெரிய வீட்டில் வளர்கிறான். அவள் எப்படியோ பிழைத்து, அதே துறையில் ஓடம் தள்ளிச் சாப்பிடுகிறாள். கடைசியில் ஒருநாள் அந்த மகன், ஆளாகி, அவள் ஓடத்திலேயே ஏறுகிறான். தோளில் இருக்கிற மச்சத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அக்கரை போகும்வரை அவள் எதுவும் சொல்வதில்லை. அவன் இறங்கி நடக்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

தோட்டத்து ஆட்கள் மலையிறங்கி வந்து இதைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் திரும்ப வந்து அழுதார்கள். அம்மா பார்த்தாள், மாமா பார்த்தார், நான் எத்தனையோ தடவை பார்த்தேன். எஞ்சின் கூடாரத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கும். படத்துக்கு வெளிச்சம் அதிலிருந்துதான் வரவேண்டும். பெல்ட் வழுக்கினால் வெளிச்சம் மங்கும், வெளிச்சம் மங்கினால் கூட்டம் எழுந்துவிடும். அதனால் படம் ஓடுகிற நேரமெல்லாம் நீங்கள் எஞ்சினோடு வெளியே இருந்தீர்கள்.

பேசாத படம் அது. உள்ளே திரையில் எழுத்து வரும்போது உரக்க வாசிக்க ஓர் ஆள் இருந்தார். அவர் குரல் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி உங்களுக்குக் கேட்காது. கூட்டத்தின் சத்தம் மட்டும் வரும். ஆட்டம் முடிந்து நாம் மூன்று பேரும் வீட்டுக்கு நடக்கும்போது கேட்பீர்கள்.

"நடுவுல எல்லாரும் ஏம்மா கத்துனாங்க?"

"தண்ணி வந்துச்சுப்பா. முன்னாடி உக்காந்திருந்தவங்க காலைத் தூக்கிக்கிட்டாங்க."

"கடைசில ஒரு சத்தமும் இல்லையே, அது என்னா?"

"மகன் ஓடத்துல ஏறிட்டான். அந்தம்மா யாருன்னு சொல்லாமலே கொண்டுபோயி விடுது."

"ஏன் சொல்லல?"

"தெரியலப்பா. எழுத்துல ஒண்ணும் போடல."

"மூஞ்சியப் பாத்தா தெரியுமில்ல?"

நான் சின்னப்பெண். மூஞ்சியைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? அழுகிற மாதிரி இருந்தது என்றோ, இல்லை என்றோ ஏதோ சொல்லியிருப்பேன். நீங்கள் அதோடு விடமாட்டீர்கள். "நாமளே ஒரு நாளைக்கி உள்ள போயிப் பாத்துறணும்" என்பீர்கள். அம்மா, "ஆமா, இவரு போயிட்டா எஞ்சின யாரு பாக்குறது" என்பாள். "படம் எங்க போயிறப் போவுது? வருசா வருசம் வருதுல்ல" என்று நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள்.

பெரகலைச் சந்திக் கடையில் வண்டிக்காரர்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டு, வெள்ளம் வருகிற இடம் எப்படி என்று கேட்டதை மாமா சொல்லியிருக்கிறார். பயாஸ்கோப் ஆளாயிற்றே, தெரியாமலா இருக்கும்? "சொன்னா நல்லா இருக்காதுங்க, போயிப் பாருங்க" என்றீர்களாம். நம் தெரு ஜவுளிக்கடைக்காரரும் பார்த்ததில்லை அப்பா. போன மாதம்தான் அவர் மனைவி சொன்னாள். வருஷா வருஷம் அந்தப் படப் பேச்சு வந்தால் எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டியவர் அவர். அவருக்கும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்தான்.

ஆனால் உங்கள் ஆசை அவருடைய ஆசை போன்றதல்ல. அது எனக்கு வெகுநாள் தெரியாது. அம்மாதான் சொன்னாள், நீங்கள் கேட்கிற தூரத்தில் இல்லாதபோது. நீங்கள் இந்தத் தீவுக்கு வந்தது பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கிற வயதில். கங்காணியின் கூட்டத்தோடு உங்கள் அம்மாவும் கரைவரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். தோணியில் ஏறுகிற நேரத்தில் உங்களை உங்கள் சித்தப்பாவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் ஏறவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. அவள் கட்டியிருந்த சேலையின் நிறம் உங்களுக்கு நினைவிருந்தது. முகம் நினைவில்லை. சித்தப்பாவும் காரணம் சொல்லாமலே செத்துப்போனார்.

இதை அம்மா சொன்ன பிறகு, நீங்கள் "மூஞ்சி எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் நான் வேறு பேச்சை எடுத்துவிடுவேன்.

பிறகு அந்த இருமல் வந்தது. முதலில் எண்ணெய்ப் புகை என்றீர்கள், அப்புறம் பதுளைக் குளிர் என்றீர்கள். ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னால் கூடாரம் கிளம்பட்டும் என்பீர்கள். அந்த வருஷம்தான் முதலாளி நம் அறைக்கே வந்து சொன்னார்.

"முனியாண்டி, இந்தப் படம் இனித் தாங்காது. பல்லுச் சக்கரம் பிடிக்கிற ஓட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு. பதுளையோட சரி, அதுக்கப்புறம் பொட்டியில போட்டுற வேண்டியதுதான். கடைசி ஆட்டத்துக்கு நீ உள்ள வந்து உக்காரு. வேற ஆளு போட்டுக்குவோம்."

மாமாவைத் தோட்டத்திலிருந்து வரவழைத்தீர்கள். ஸ்டோரில் உங்களிடமே எஞ்சின் பழகியவர், அம்மாவின் தம்பி. பகல் முழுவதும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். சாயங்காலம் குளித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் மினுங்க நின்றீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே திருநீறு பூசிவிட்டாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

முதலாளி உங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார். அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் உங்கள் காலடியில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்ததும் நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். திரையில் ஆறு வந்தது, ஓடம் வந்தது. "இம்புட்டுப் பெருசா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தபோது உங்கள் கை இறுகியது.

கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் தலையைச் சாய்த்து வெளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"பெல்ட்டு அடிக்கிது" என்றீர்கள்.

"மாமா பாத்துக்குவாருப்பா. நீங்க படத்தப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பார்க்கவில்லை. உங்கள் காது முழுவதும் வெளியே இருந்தது. திரை மங்கத் தொடங்கியது. பின்னாலிருந்து சீட்டி அடித்தார்கள். எவனோ எழுந்து கத்தினான். அவ்வளவு பெரிய கூடாரத்துக்கு வாசல் ஒன்றுதான். பெண்கள் பக்கம் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

"இரும்மா. இந்தா வந்துர்றேன்" என்று எழுந்து போனீர்கள்.

வெளிச்சம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மங்கவில்லை. வெள்ளம் வந்தது, ஜனங்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அண்டா மிதந்து போனது. நான் பாதி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் நாற்காலியில் யாரோ வந்து உட்காரப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கடைசியில் எல்லாரும் அடங்கி, ஓடம் அக்கரைக்குப் போகிற அந்த இடமும் வந்துவிட்டது. நான் கூடாரத்தின் பின்பக்கம் ஓடினேன்.

எஞ்சின் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள். மாமா துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் ரத்தம்.

"போகச் சொன்னேன் பொன்னு, போக மாட்டேன்னுட்டாரு" என்றார் மாமா. "முதுகால முட்டுக் குடுத்தாத்தான் பெல்ட்டு நிக்கிது, நகந்தா கழண்டுரும்னு இங்கினயே உக்காந்துட்டாரு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "கடைசில ஓடத்துல... அந்த அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அழலப்பா. ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றேன். அன்றைக்குப் பார்க்காததைப் பழைய நினைவில் சொன்னேன்.

"ஆத்தையா" என்றீர்கள். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆசுபத்திரியில் நீங்கள் கிடந்த வாரங்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி நாட்களில் பேச்சும் நின்றுவிட்டது. சன்னல் பக்கம் திரும்பி, மலையில் மஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். என்ன நினைத்தீர்கள் அப்பா? அந்தத் தோணிக்கரையையா, அந்த ஓடத்தையா? இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதா?

போன மாதம் முதலாளி வந்ததும் நான் போய்க் கேட்டேன், பெட்டியில் போட்ட படத்தை ஒரே ஒரு தடவை ஓட்ட முடியுமா என்று. உங்களுக்காகக் கடைசிக் காட்சியை மட்டும் நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அவர் மறுக்கவில்லை. பண்டாரவளைக் கிடங்கிலிருந்து தகரப் பெட்டியை வரவழைத்து என் முன்னாலேயே திறந்தார். இரண்டு மழைக்காலம் ஈரத்தில் கிடந்திருக்கிறது. உள்ளே படச்சுருள் உருகிய வெல்லம்போல ஒரே கட்டியாக இருந்தது. புளித்த நாற்றம். விரலால் தொட்டேன், பழுப்பாகப் பொடி உதிர்ந்தது.

"வேற எங்கயும் இருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்த கம்பெனியே இப்ப இல்லம்மா. என்கிட்ட இருந்ததுதான் இந்தப் பக்கத்துக்கே." பெட்டியை மூடினார். "நீதான் பாத்திருக்கியே, பின்ன என்னா?"

ஆமாம், பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, கடைசியில் அந்த ஓடக்காரி முகம் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கண்ணீர் ததும்ப நின்றதாக அம்மா சொல்கிறாள். மாமாவைக் கேட்டால், லேசாகச் சிரித்தது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு என்கிறார். எனக்கோ ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் தெரிகிறது. அதுவும் இப்போது தேய்ந்து வருகிறது. மூன்று பேரில் யார் சரி? இனி யாரிடம் போய்க் கேட்பது? நான் உங்களுக்குக் கடைசியாகச் சொன்னது தவறாக இருந்தால், அந்தத் தவறோடுதானே நீங்கள் போயிருப்பீர்கள்?

மற்றபடி சொல்ல நல்ல சேதி எதுவும் இல்லை அப்பா. அம்மா வருகிற மாதம் தோட்டத்துக்கே திரும்பிப் போகிறாள், கொழுந்து எடுக்க. இந்த அறையில் இருக்க முடியவில்லை என்கிறாள். நானும் கூடப் போகிறேன். அங்கே என் படிப்புக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்க வேண்டும், பிறகு மலை ஏற வேண்டும். மாமாவுக்கும் இருமல் தொடங்கியிருக்கிறது. சொன்னால் கேட்பதில்லை.

நேற்று புதுப் படம் தொடங்கியது. ஆட்டத்துக்கு முன்னால் முதலாளி மேடையில் நின்று உங்களைப் பற்றிப் பேசினாராம். நம்ம முனியாண்டி மாதிரி வெள்ளப் படத்தைப் பார்த்தவன் இந்த ஊவா மாகாணத்திலேயே கிடையாது, அத்தனை வருஷம் அதோடேயே இருந்தான் என்றாராம். ஜனங்கள் கைதட்டினார்களாம். மாமா வந்து சந்தோஷமாகச் சொன்னார். அக்கம்பக்கத்தாரும், கொடுத்து வைத்தவர், ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்கிறார்கள். அம்மாவும் அதற்குத் தலையாட்டுகிறாள். அப்படி நினைத்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறதோ என்னவோ. அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்னிடம் யார் வந்து அப்படிச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் அப்பா பார்க்கவில்லை, பார்க்க ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை என்று சொல்வேன். நாளைக்கு எனக்குப் பிள்ளைகள் பிறந்தாலும் அப்படியே சொல்வேன். உங்களுக்கு இல்லாமல் போனதை இருந்ததாக ஆக்க நான் விடமாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
பொன்னம்மா